பொருள் எண் 412

அலுவலகத்தில் சேர்ந்தவர் ஒருநாள் ஓய்வு பெற்றே தீர வேண்டும் என்பது காலத்தின் விதி. ஓய்வு பெறும் முன், தன் பொறுப்பில் உள்ள பொருள்களையெல்லாம் அடுத்தவரிடம் எண்ணிக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது நடைபாதை அளவீட்டுத் துறையின் விதி. இரண்டும் மோதிக்கொண்டால் காலம்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தத் துறையின் அனுபவம் அப்படி.

அங்கே பண்டகக் காப்பாளராக இருந்தவருக்கு அந்த மாதக் கடைசியில் ஓய்வு. முப்பத்தொரு வருடம் ஒரே கிடங்கில் குப்பை கொட்டியவர்; ஆனால் அந்தக் குப்பையில் ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. எந்தப் பொருள் உள்ளே வந்தாலும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, அதன் முதுகில் வெள்ளை பெயின்டால் எண் எழுதிவிடுவார். நாற்காலி, மேசை, சுவர்க்கடிகாரம், அளவு நாடா, குப்பைக்கூடை என்று எல்லாவற்றுக்கும் எண். பெயின்ட் டப்பாவுக்கு எண். அந்த எண்ணை எழுதிய பிரஷ்ஷுக்கும் எண். ஒருநாள் இயக்குநர் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, காப்பாளர் பிரஷ்ஷோடு அந்தப் பக்கம் வருவதைப் பார்த்து அவசரமாக எழுந்து நடமாடினார் என்று ஒரு பேச்சு உண்டு.

காப்பாளருக்கு ஓய்வுக்காலத்தைப் பற்றி ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. மகள் ரயிலில் ஒன்றரை நாள் தூரத்தில் இருந்தாள். தலைப்பிரசவம். ஓய்வு பெற்ற மறுநாள் காலை வண்டியில் மனைவியோடு கிளம்பி, பேரனோ பேத்தியோ பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். மகள் பிறந்தபோது அவர் பக்கத்தில் இல்லை. அன்றைக்கு ஆண்டு இருப்புக் கணக்கெடுப்பு. அந்த ஒரு நாளைப் பற்றி மனைவி இருபத்தெட்டு வருடமாக எதுவும் சொன்னதில்லை என்பதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. இந்தத் தடவை பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது.

புதிய காப்பாளர் மூன்று வாரம் முன்னதாகவே வந்து சேர்ந்தார். பூதக்கண்ணாடி என்று அவருக்குப் பெயர். சட்டைப்பையில் நிஜமாகவே ஒன்று வைத்திருந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு எண்ணைப் படிப்பார், பெயின்டைச் சுரண்டிப் பார்ப்பார், பிறகு டிக் போடுவார். நானூற்றுப் பதினொரு பொருளும் சரியாக இருந்தன. அவருக்கே இது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டாவதுதான் கடைசி.

அதில் இப்படி எழுதியிருந்தது: "இணையதளம் – 1. நிலை: நல்ல நிலையில்."

அது வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருடம் முன்னால் எல்லாத் துறைகளுக்கும் இணையதளக் காய்ச்சல் அடித்தது. பூங்காத் துறை வைத்துவிட்டது, குழாய்த் துறை வைத்துவிட்டது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நடைபாதை இயக்குநருக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் எதற்கு என்று யாரும் கேட்காமலே ஒன்று தயாரானது. எந்தத் தெருவில் நடைபாதை எத்தனை அடி அகலம் என்று ஒரு பக்கம், இயக்குநர் நான்கு கோணங்களில் நிற்கும் பக்கம் ஒன்று, பணியாளர் எல்லோருடைய படமும் உள்ள பக்கம் ஒன்று. துறைப் பணத்தில் வாங்கிய எதையும் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும் என்று விதி இருந்ததால், இயக்குநர் இதையும் ஏற்றச் சொல்லிவிட்டார். எண்ணை எங்கே எழுதுவது என்று காப்பாளர் இரண்டு நாள் யோசித்தார். கடைசியில், தான் அதை முதன்முதலில் பார்த்த கம்ப்யூட்டரின் நெற்றியில் 412 என்று எழுதினார். அன்றைக்கே மனசு உறுத்தியது. ஆனாலும் ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

பூதக்கண்ணாடி அந்தக் கம்ப்யூட்டரை முன்னும் பின்னும் பார்த்தார். "சார், இது 187. நேத்தே பார்த்தாச்சு. ஒரு பொருளுக்கு ரெண்டு எண் எப்படி?"

"அது பெட்டிக்கு. இது உள்ள இருக்கிறதுக்கு," என்று காப்பாளர் இணையதளத்தைத் திறந்து காட்டினார்.

பூதக்கண்ணாடி திரையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். இயக்குநரின் மீசை பெரிதாகத் தெரிந்தது. அடுத்த மேசைக்குப் போய் அங்கேயும் திறக்கச் சொன்னார். அங்கேயும் இருந்தது. அதற்கடுத்த மேசையிலும் இருந்தது. அலுவலகம் முழுக்கச் சுற்றிவந்து எண்ணிக்கையைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்தார்.

"பதிவேட்டில ஒண்ணு இருக்கு. கையில பதினொண்ணு இருக்கு. மீதி பத்து எங்கேருந்து வந்துச்சு சார்?"

பொருள் குறைந்தால் சமாளிக்கலாம். எலி தின்றது, மழையில் நனைந்தது, கறையான் அரித்தது என்று அச்சடித்த படிவங்களே உண்டு. பொருள் கூடினால் அதற்குப் படிவம் கிடையாது. துறையின் வரலாற்றில் கூடியதே கிடையாது. காப்பாளர் பதறிப்போய்ப் பதினொரு கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு, இப்போது ஒன்றுமே இல்லை பாருங்கள் என்றார்.

"அப்ப பதினொண்ணும் காணோம்னு எழுதிக்கட்டுமா?" என்று பூதக்கண்ணாடி பேனாவைத் திறந்தார்.

மாதக் கடைசி வந்தது. மாலை போட்டார்கள், புகைப்படம் எடுத்தார்கள், உரை நிகழ்த்தினார்கள். மறுநாள் காலை காப்பாளர் வழக்கம்போல ஒன்பதே முக்காலுக்கு அலுவலகத்துக்கு வந்தார். ஓய்வு பெற்றார், ஆனால் விடுவிக்கப்படவில்லை என்பது அவருடைய அலுவல்முறை நிலை. சம்பளம் கிடையாது, ஓய்வூதியம் தொடங்காது, ஊரை விட்டுப் போகவும் கூடாது. அவருடைய நாற்காலி ஏற்கெனவே கைமாறிவிட்டதால் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். வீட்டில் மனைவி கட்டிய பெட்டியை அவிழ்க்கவில்லை. காலையில் அதைத் தாண்டித்தான் அவர் அலுவலகம் போக வேண்டியிருந்தது.

"என்னங்க, அந்தப் பொருள் தொலைஞ்சிடுச்சா?" என்று மட்டும் ஒருநாள் கேட்டாள்.

"தொலைஞ்சாத்தான் பரவாயில்லையே. எங்க பார்த்தாலும் இருக்கு," என்றார் அவர்.

கடைசியில், இதை விற்றவரையே கேட்டுவிடுவது என்று கிளம்பினார். ஹோஸ்டிங் நிறுவனம் என்று ரசீதில் இருந்தது. பெரிய கோட்டை மாதிரி எதையோ எதிர்பார்த்துப் போனால், தையல் கடைக்கு மேலே ஓர் அறை. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு பெண்மணி. அவர் மரியாதையாக, "அம்மா, எங்க வெப்சைட்டை ஒரு தடவை கண்ணால பார்த்துட்டுப் போயிடறேன்," என்றார்.

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. இப்படி வந்த முதல் ஆள் அவர் இல்லை போலிருக்கிறது. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று விசாரித்துவிட்டு அவர் பாஷையிலேயே சொன்னாள். கிடங்கில் ஒரு மூலப்படிவம் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் அதை எடுத்துக் கொடுப்பதில்லை, நகல் எடுத்துக் கொடுக்கிறோம். மூலம் அலமாரியை விட்டு அசைவதில்லை. வெப்சைட்டும் அப்படித்தான். அது சில கோப்புகள், அவ்வளவுதான். ராத்திரி பகல் அணைக்காத ஒரு கம்ப்யூட்டரில் அவை கிடக்கின்றன. அந்தக் கம்ப்யூட்டருக்குப் பேர் சர்வர். யாராவது உங்கள் வெப்சைட் பேரைத் தட்டினால், அந்தப் பேருக்கு எந்த சர்வர் என்று ஒரு பெரிய பேரேட்டில் பார்த்து அங்கே கேட்பார்கள். சர்வர் ஒரு நகலை அனுப்பும். அந்த இடத்துக்கு வருடா வருடம் வாடகை. அந்த வாடகைதான் ஹோஸ்டிங்.

காப்பாளருக்குப் புரிந்துவிட்டது. முப்பத்தொரு வருடத்தில் எந்தச் சுற்றறிக்கையும் அவருக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை. மூலம் ஒன்று, நகல்கள் பல. ஆகவே பதிவேடு சரி. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அந்த சர்வர் எங்கம்மா இருக்கு?"

"வெளிநாட்டுல ஒரு பெரிய கட்டடம். நானே பார்த்ததில்ல. உங்களோடது தனி சர்வர்கூட இல்ல, சார். ஒரே மெஷின்ல முந்நூறு பேர். உங்க பக்கத்துல ஒரு பொத்தான் கடை, ஒரு கிளி வைத்தியர், ஒரு கோழிப்பண்ணை."

"துறையோட சொத்தைக் கோழிப்பண்ணையோட வச்சிருக்கீங்களா?"

"நடுவுல தடுப்பு இருக்கு சார். கோழி வராது," என்றாள் அவள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, வேண்டுமானால் ஒன்று தருகிறேன், யார் யார் எப்போது வந்து நகல் வாங்கினார்கள் என்று சர்வர் தானே எழுதிவைக்கும், அந்தப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். வருகிற ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண், ஊர், தேதி, நேரம். காப்பாளருக்கு அது தேவவாக்கு மாதிரி இருந்தது. தானே எழுதிக்கொள்ளும் பதிவேட்டை அவர் அதுவரை கனவில்கூடக் கண்டதில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். காப்பாளர் அந்தக் காகிதக்கட்டைப் பூதக்கண்ணாடியின் மேசையில் வைத்து, மூலம் ஒன்று, நகல் பல என்கிற தத்துவத்தை ஆதியோடந்தமாக விளக்கினார். பூதக்கண்ணாடி கவனமாகக் கேட்டார். நடுவே இரண்டு தடவை தலையைக்கூட ஆட்டினார்.

"நல்லது சார். இது வழங்கல் பதிவேடு. மூணு வருஷத்துல ரெண்டாயிரத்து நூத்தி நாற்பது நகல் பொதுமக்களுக்கு வழங்கியிருக்கீங்க. ரொம்ப சுத்தமா எழுதியிருக்கு. திரும்பி வந்தது எத்தனை?"

காப்பாளர் காகிதக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; திரும்பி வந்தது என்று ஒரு பத்தியே அதில் இல்லை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வழங்கிய பொருள் திரும்பி வரவில்லை என்றால் அது வழங்கியவர் பெயரில் நிலுவை. இரண்டாயிரத்து நூற்று நாற்பது இணையதளங்கள் காப்பாளரின் பெயரில் வெளியே நின்றன. இயக்குநர் மூவர் குழு ஒன்றை அமைத்தார். குழு நான்கு அமர்வுகள் கூடி, பொருளின் தன்மையைத் தீர ஆராய்ந்து, தேநீர் அருந்தி, பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியிடப் பரிந்துரைத்தது. நடைபாதை அளவீட்டுத் துறையின் இணையதளத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றவர்கள் பதினைந்து நாள்களுக்குள் நல்ல நிலையில் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றது அறிவிப்பு. ஒப்படைக்கும் முறை பற்றிய விவரங்களைத் துறையின் இணையதளத்தில் காண்க என்றும் கீழே ஒரு வரி இருந்தது.

இரண்டே நாளில் நிலுவை மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாக ஏறியது. காப்பாளர் ஓடிப்போய் இயக்குநரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அந்த வரியை எடுக்க வைத்தார். விவரங்கள் வாசல் பலகையில் ஒட்டப்பட்டன.

ஊர் சிரிக்கும், பத்திரிகை சிரிக்கும், இந்தக் கூத்து தானாகவே நின்றுவிடும் என்று காப்பாளர் மனசுக்குள் ஒரு நம்பிக்கை வைத்திருந்தார். ஊர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கே வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. மக்கள் அனுபவசாலிகள். எதற்கு என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம், முதலில் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிவிடு என்பதுதான் அவர்கள் அலுவலகங்களிடம் கற்ற பாடம். போனோடு வந்தார்கள், அச்செடுத்த காகிதத்தோடு வந்தார்கள். ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டரையே துணியில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், தான் எடுத்தது ஒன்று என்றாலும் பாதுகாப்புக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுத்தார். எடுக்காதவர்களும் வந்தார்கள், நாளைக்கு யாராவது ரசீது எங்கே என்று கேட்டால் என்ன செய்வது என்பது அவர்கள் கவலை. நான்காம் நாள், வாசலில் ஒருவர் மேசை போட்டு, 'வெப்சைட் திருப்பித் தர உதவி செய்யப்படும், படிவம் இங்கேயே கிடைக்கும்' என்று அட்டை தொங்கவிட்டார்.

ஒப்படைப்புச் சாளரத்தில் காப்பாளரையே உட்கார வைத்தார்கள். திறந்து காட்டச் சொன்னால் இன்னொரு நகல் போய்விடும் என்று அந்த அலுவலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதனால், வந்தவர்கள் போனில் பார்த்ததன் தடயத்தை அவர் கண்ணெதிரே அழித்துவிட்டு மூன்று படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஒரு முறையை வகுத்தார். ஒரு பெண் அழித்துவிட்டு, எங்கள் தெருவில் நடைபாதையே இல்லையே, அதைப் பற்றி எங்கே சொல்வது என்று கேட்டாள். அது இணையதளத்தில்தான் சொல்ல வேண்டும் என்று காப்பாளர் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைக்கு அவருக்கு வெட்கமாக இருந்தது.

பதினைந்தாம் நாள் கணக்கை முடித்தார்கள். வந்தவர்கள் நாலாயிரத்து ஐம்பது பேர். பட்டியலில் பொருந்திய மூவாயிரத்து எழுநூறு ஒப்படைப்புகள் ஏற்கப்பட்டன. மீதி முந்நூற்றைம்பது பேர், திருப்பித் தர விரும்புவோரின் காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்பட்டார்கள். ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு நகல்கள் இன்னும் வரவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டும் ஒரே எண்ணில் இருந்து, ஒரே ஊரிலிருந்து எடுக்கப்பட்டவை. காத்திருப்போர் யாரையாவது அதில் சேர்க்கலாமே என்று காப்பாளர் கேட்டதற்கு, எடுத்தவர் வேறு கொடுப்பவர் வேறா என்று பூதக்கண்ணாடி கோபித்துக்கொண்டார்.

காப்பாளர் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்தார். மகள் இருக்கிற ஊர். சாயங்காலம் அவளுக்குப் போன் செய்து, ஏனம்மா, எங்கள் ஆபீஸ் வெப்சைட்டைப் பார்க்கிறாயா என்று கேட்டார்.

"ஆமாப்பா, தினமும் காலையில. அதுல உங்க போட்டோ இருக்கில்ல," என்றாள் அவள். "வேற எங்க உங்களைப் பார்க்கிறது? ஏன், பார்க்கக் கூடாதா?"

கூடாது என்று காப்பாளரால் சொல்ல முடியவில்லை. தன் முகத்தைப் பார்ப்பதற்காக யாரும் எந்தக் கதவையும் தட்டியதாக அவருக்கு நினைவில்லை. அவளோ இருநூற்றுப் பன்னிரண்டு தடவை தட்டியிருக்கிறாள்.

முடிச்சு இப்போது நன்றாக இறுகியது. மகள் நேரில் வந்து ஒப்படைத்தால்தான் அப்பாவை விடுவிப்பார்கள். அவளுக்கு ஒன்பதாம் மாதம், ரயிலில் ஏறக் கூடாது. அவர் போகலாம் என்றால், விடுவிக்கும் வரை ஊரை விட்டுப் போகக் கூடாது. குழு மறுபடியும் கூடியது. எடுத்தவர் வர இயலாத நிலையில் துறையே அவரிடம் சென்று பொருளை மீட்கலாம் என்று கிளைவிதி ஒன்று அளவு நாடாக்களுக்காக எப்போதோ எழுதப்பட்டிருந்தது. நாடாவுக்குப் பொருந்துவது இணையதளத்துக்கும் பொருந்தும் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. ஓய்வு பெற்ற, ஆனால் விடுவிக்கப்படாத காப்பாளரைக் 'களமீட்புப் பணி'க்காக, துறைச் செலவில், வேலை முடியும் வரை மேற்படி ஊருக்கு அனுப்புவது என்று ஆணை பிறந்தது.

அவர் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கியபோது அவருக்கே நம்பிக்கை வரவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் பேத்தி பிறந்தாள். காப்பாளர் பக்கத்திலேயே இருந்தார். நர்ஸ் குழந்தையைக் கையில் கொடுத்ததும், முதுகைத் திருப்பிப் பார்க்கப் போன கையை அவரே தடுத்துக்கொண்டார். மனைவி அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருபத்தெட்டு வருடம் கழிந்தது.

கடமையையும் அவர் மறக்கவில்லை. மகள் தலையணையில் சாய்ந்தபடி ஒரு நாளைக்குப் பத்து நகல் வீதம் ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். மருமகன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். பச்சை உடம்பை வைத்துக்கொண்டு அவள் ஒருநாள் கேட்டாள்: "அப்பா, நீங்க நிஜமாவே இதை நம்புறீங்களா?"

"நம்பிக்கை வேற, கையெழுத்து வேறம்மா," என்றார் அவர்.

இருபத்திரண்டாம் நாள் கடைசிப் படிவமும் முடிந்தது. நிலுவை பூஜ்யம். காப்பாளர் கிளம்பத் தயாரானார். ஒரு வாரம், போய்ப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, விடுதலையாகி ஓடி வந்துவிடலாம். அன்று மத்தியானம் பூதக்கண்ணாடியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முதல் நானூற்றுப் பதினொரு பொருள்களைச் சரிபார்த்துத் தொண்ணூறு நாள் கடந்துவிட்டபடியால் அந்தச் சரிபார்ப்பு காலாவதி ஆகிவிட்டது என்றும், தாங்கள் திரும்பியதும் பொருள் எண் 1, மர நாற்காலியிலிருந்து மறுபடி தொடங்கலாம் என்றும், இம்முறை கூடுதல் கவனத்தோடு செய்ய உத்தேசம் என்றும் எழுதியிருந்தார்.

காப்பாளர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பேத்தி அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று கிலோவும் கொஞ்சமும்தான். ஆனால் அதை இறக்கி வைத்துவிட்டு மர நாற்காலியைத் தூக்கப் போவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றார். மகள் தூங்கிவிட்டாளா என்று பார்த்தார். பிறகு, முப்பத்தொரு வருடத்தில் குண்டூசி எடுக்காத அந்த மனுஷன், மேசை மேல் இருந்த மகளின் போனை எடுத்து, நடைபாதை அளவீட்டுத் துறையின் இணையதளத்தைத் திறந்தார். எங்கோ ஒரு நாட்டில், பொத்தான் கடைக்கும் கோழிப்பண்ணைக்கும் நடுவே, சர்வர் அதை ஒழுங்காக எழுதிக்கொண்டது.

துறைக்கு அனுப்பும் அன்றைய அறிக்கையில் அவர் எழுதினார்: "நிலுவை ஒன்று. மீட்புப் பணி தொடர்கிறது."

மறுநாளும் நிலுவை ஒன்று. அதற்கு மறுநாளும் ஒன்று. காலையில் மீட்டுவிடுவார், சாயங்காலம் அது எப்படியோ மறுபடி வெளியே போய்விடும். அறிக்கைகள் தவறாமல் போய்க்கொண்டிருந்தன. பூதக்கண்ணாடி அவற்றைக் கண்ணாடி வைத்துப் படித்தார். ஏழாவது அறிக்கையைப் படிக்கும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு பிறந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அடுத்த வாரமே, கடலோரத்தில் இருக்கும் தன் அக்கா ஒரு நகல் எடுத்துவிட்டதாகவும் உடனடியாகக் களமீட்பு அவசியம் என்றும் அவர் மனுப் போட்டார். அவரை அடுத்துத் தட்டச்சருக்கு மலைப்பிரதேசத்தில் ஒரு சித்தப்பா நினைவுக்கு வந்தார். குழுவின் மூன்று உறுப்பினர்களும் மூன்று திசையில் போனார்கள். இயக்குநரின் மாமியார் இரண்டு நகல் எடுத்திருந்தார்; அதில் ஒன்று அவருக்கே தெரியாமல் எடுத்தது.

அலுவலகத்தில் காவலாளி மட்டும் மிச்சம். காத்திருப்புப் பட்டியலில் இருந்த முந்நூற்றைம்பது பேரும் முறை வைத்து வந்து, எங்கள் வெப்சைட்டை எப்போது வாங்கிக்கொள்வீர்கள் என்று அவரைக் கேட்டுவிட்டுப் போனார்கள். வெயிலில் நிற்க முடியவில்லை, ஒரு பந்தலாவது போடக் கூடாதா என்பதுதான் அவர்களுடைய ஒரே குறை. அதை அவர்கள் இணையதளத்தில் தெரிவித்தார்கள்.

ஏழெட்டு மாதம் ஓடியது. பேத்தி தவழ ஆரம்பித்தாள். ஒருநாள் அவளுக்குப் பின்னால் முழங்காலில் போய்க்கொண்டிருந்த காப்பாளருக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. ஹோஸ்டிங் வாடகை வருடா வருடம் கட்ட வேண்டியது. கெடு நெருங்கிவிட்டது. கட்டுவதற்கான கோப்பில் கையெழுத்துப் போட வேண்டிய அத்தனை பேரும் வெளியூரில். வாடகை போகாவிட்டால் சர்வரில் இடம் போய்விடும், இடம் போனால் இணையதளம் நின்றுவிடும், நின்றால் நகல் எடுக்க முடியாது. எடுக்க முடியாவிட்டால் நிலுவை பூஜ்யம். பூஜ்யம் என்றால் மர நாற்காலி.

மாடிக்குப் போய், மனைவி காதில் விழாத குரலில் அந்த ஹோஸ்டிங் பெண்மணிக்குப் போன் செய்தார். தன் சொந்தப் பணத்தில் கட்டிவிடுவதாகவும், தயவுசெய்து பெயர் மட்டும் எங்கேயும் வெளியே வர வேண்டாம் என்றும் சொன்னார்.

அந்தப் பக்கம் போனைக் கையால் மூடுகிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை அவள் சிரிக்கிறாள் என்று காப்பாளருக்குத் தோன்றியது.

"சார், உங்க ஆபீஸ்லேருந்து நீங்க ஒன்பதாவது ஆள். எல்லாருமே பேர் வேண்டாம்னுதான் சொல்றாங்க. முதல்ல கட்டினவர் ரசீதை ரொம்ப நேரம் உத்துப் பார்த்தார். ஆளுக்கு ஒரு வருஷம்னு, எட்டு வருஷத்துக்குக் கட்டியாச்சு. இன்னும் எதுக்கு சார்?"

காப்பாளர் கீழே எட்டிப் பார்த்தார். பேத்தி வாசல்படியைத் தாண்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"ஒன்பதாவது வருஷத்தை என் பேர்ல போட்டுக்கோங்கம்மா," என்றார். "அப்ப பேத்தி நாலாம் வகுப்பு படிப்பா. பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்."